தாழியில் கிடைத்த நெல்லுமி

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. பொருநை என்னும் தாமிரபரணி ஆற்றங்கரைப் பண்பாட்டைச் சேர்ந்த ஊர் அது. அங்குக் கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றினுள் மண்ணோடு நெல்லுமியும் கலந்திருந்தது. அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகம் அதன் காலத்தைக் கி.மு. 1155 எனக் கணித்தது. அம்முடிவு 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

உமியைக் கொண்டு காலத்தை எவ்வாறு அறிய இயலும்? உயிருள்ள பயிர் காற்றிலுள்ள கார்பனை ஏற்கிறது. அறுவடையோடு அது நின்றுவிடுகிறது. பின்னர்ப் பயிரில் தங்கிய கார்பன்-14 ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்தே காலம் கணிக்கப்படுகிறது. அதில் சில பத்தாண்டுகள் முன்பின் ஆகலாம். மரக்கரியைக் காட்டிலும் நெல் இதற்கு நம்பத்தக்க சான்று. முதிர்ந்த மரத்தின் உள்வயிரம், அம்மரத்தை எரித்தவருக்கு நூறாண்டு மூத்ததாகவும் இருக்கக்கூடும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைந்து முற்றுவது.

ஆயினும் இக்காலக்கணிப்பு அந்தத் தாழிக்கு உரியதே. ஊர் முழுமைக்கும் அதனை ஏற்றிக் கூறலாகாது. இறந்தவரோடு நெல்லை வைத்தோர் அதனைத் தாமே விளைவித்தனரா, பிற நிலத்தாரிடம் பண்டமாற்றாகப் பெற்றனரா என்பதை உமி கூறாது. அவர்கள் வாழ்ந்த இடத்தின் மண்ணடுக்குகளில்தான் அதற்கான விடையைத் தேடவேண்டும்.