பிரேக் திரவம்: மாற்றும் காலமும் முறையும்

மோட்டார் வாகனங்களின் பிரேக்கை இயக்கும் திரவத்தை நம் நாட்டுப் பட்டறைகளில் 'பிரேக் ஆயில்' என்றே வழங்குகின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக எனச் சிலர் கூறலாம். ஆயினும் இப்பெயர் கேட்போரை இருவகையில் மயக்குகின்றது. எண்ணெய் என்று கேட்டவர், அது நீரோடு கலவாதென நினைப்பர். குறைந்தவிடத்து வேறோர் எண்ணெயை ஊற்றி நிரப்பலாமென்றும் நினைப்பர். இவ்விரு நினைவுகளும் உயிர்க்கு இறுதி பயப்பன. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்னும் குறிகளோடு விற்கப்படும் இத்திரவம் எண்ணெயன்று; பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகையைச் சார்ந்த இரசாயனப் பொருள்களால் ஆயது. நீரைக் கண்டு விலகுவது எண்ணெயின் இயல்பு. நீரை ஈர்த்துத் தன்னுட் கரைத்துக்கொள்வது இதன் இயல்பு. எஞ்சின் எண்ணெயை இதனோடு சிறிது கலப்பினும், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துப் பயனற்றுப்போம்.

நீர் கலப்பதனால் வரும் கேடு யாது? மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் ஓரிடத்துச் செலுத்திய அழுத்தம் எங்கணும் குறையாது பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. நாம் பெடலை மிதிக்குங்கால் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம், குழாய் வழியே சக்கரங்களிலுள்ள பிஸ்டன்களைத் தள்ளுவது இவ்விதி பற்றியே. திரவம் அழுத்தினாற் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆதலின் குழாயினுள் ஆவி தோன்றுமாயின் நம் காலின் விசை அவ்வாவியைச் சுருக்குவதிலேயே கழிந்து, சக்கரத்தைச் சென்றடையாது.

புதிய டாட் 3 திரவம் கொதிப்பதற்குக் குறைந்தது 205 செல்சியஸ் பாகை வெப்பம் வேண்டும். டாட் 4-க்கு 230 பாகை. நூற்றுக்கு ஏறத்தாழ 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில் இவற்றுக்கு விதித்த எல்லை முறையே 140, 155 பாகைகளே. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள. அத்தகைய மலைச்சாலையில் கீழ்நோக்கி இறங்குவோர், கீழ் கியரை விடுத்துப் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வருவராயின், உராய்வால் எழும் வெப்பம் திரவத்தைச் சேர்கின்றது. பழைய திரவம் கொதிக்கின்றது. பெடல் தடையின்றித் தரைவரை அமுங்குகின்றது. இதில் வியப்பும் அச்சமும் தருவதொன்றுண்டு. வண்டி குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் முன்போல் உறுதியாய் நிற்கும். மறுநாட் பட்டறையில் சோதிப்பவர் குற்றமொன்றுங் காணார். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நில்லாதாயின், அது உராயும் பட்டை சூடேறியதால் வந்த வேறு நோய், இதனோடு மயங்கலாகாது.

இனி, மாற்றும் காலம். எஞ்சின் எண்ணெயை ஓடிய தூரம் பற்றியும் மாற்றுகிறோம். இதற்கோ காலமே முதன்மை. திரவக் கலத்தின் காற்றுத்துளை வழியாகவும், ரப்பர்க் குழாய்களின் ஊடாகவும் காற்றின் ஈரம் சிறிது சிறிதாகப் புகுந்துகொண்டே யிருக்கும். விடுமுறை முழுதும் விடுதியில் ஓடாது நிற்கும் மோட்டார் சைக்கிளும் இதற்கு விலக்கன்று. பெரும்பாலான உற்பத்தியாளர் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர். அவரவர் வண்டியின் கையேடே இதில் முடிவு. நிறங்கொண்டு துணிதல் கூடாது; தெளிந்த திரவத்திலும் நீர் மறைந்திருக்கும்.

மாற்றுதற்கு இருவர் வேண்டும். கலத்தின் மூடியைத் துடைத்துத் திறந்து, பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி நீக்கி, கையேடு கூறும் வகையைச் சேர்ந்த, முத்திரை உடையாத புதிய டப்பியிலிருந்து நிரப்புக. சக்கரத்திலுள்ள நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயொன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது தளர்த்துக, பழந்திரவம் வெளிப்படும். நிப்பிளை இறுக்கிய பின்னரே பெடலை விடல் வேண்டும். முறை மாறினாற் காற்று உட்புகும். குமிழியின்றிப் புதுத்திரவம் வருமளவும் இங்ஙனஞ் செய்க. இடையிடையே கலத்தை நோக்கி நிரப்புதல் இன்றியமையாதது. கலம் வற்றிற்றேல் உழைப்பெல்லாம் வீணாய், முதலிலிருந்து தொடங்க நேரும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவழக்கு. கையேடு வேறு கூறின் அதன்படி நடக்க. ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்குத் தனிக்கருவி வேண்டுமாதலின், அவற்றைப் பட்டறைக்கு விடுதலே தக்கது.

பெயர் மயக்கம் இங்கும் ஒன்றுண்டு. டாட் 5.1 என்பது டாட் 5-இன் திருந்திய வடிவம் போலத் தோன்றும். அன்று, டாட் 5 சிலிக்கோனால் ஆயது, மற்றவற்றோடு கலக்கத்தகாதது. திரவம் வண்டியின் வண்ணப்பூச்சில் பட்டால் அதனை அரிக்கும். உடனே நீர்விட்டுக் கழுவுக. பழந்திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாது பட்டறையிற் சேர்ப்பிக்க. திறந்த டப்பியில் எஞ்சியதும் நாளடைவில் ஈரம் ஏற்குமாதலின் அதனை அடுத்த முறைக்கென்று வைத்தல் வேண்டா. எல்லாம் முடிந்து, பெடல் உறுதியாய் நிற்பதை வண்டி நகருமுன் மிதித்துப் பார்த்து, மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கலத்தின் அருகே ஒட்டிவைக்க.