மாமியார் ஏன் மருமகள் மாதிரியே பேசுகிறார்?

நாவல் எழுதுகிறேன். அதில் வரும் மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். என்ன செய்வது? – ஒரு வாசகி, திருநெல்வேலி

இருவருமே உங்கள் குரலில் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பிறந்த ஊர், பிடித்த நிறம் என்று ஜாதகம் கணித்தால் இது தீராது. இருவருக்கும் நடுவில் ஒரு அஞ்சறைப் பெட்டியை வையுங்கள். மருமகள் கடுகுக் கிண்ணத்தை இடம் மாற்றுகிறாள். மாமியார் ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்திலேயே வைக்கிறார். மூன்றாம் நாள் பெட்டியே மேல் தட்டுக்குப் போய்விடுகிறது, மருமகளுக்கு எட்டாது. இப்போது பேசவிடுங்கள், குரல் தானாகப் பிரியும். நடுவில் இருப்பது பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் யமுனா, தன்னைக் காதலிக்கும் பாபுவைவிட வயதில் மூத்தவள். அந்த ஒரு வித்தியாசமே எத்தனை தயக்கங்களைக் கொண்டுவருகிறது! நிஜ மாமியாரின் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். நாவல் எழுதும் நோட்டு வீட்டில்தானே கிடக்கும்?