லீடின் காலண்டரும் குழுவின் காத்திருப்பும்

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெண் என் குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏதோ சந்தேகத்தில் வேலை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது புதன்கிழமை சாயங்காலம்தான். “ஏம்மா, நேத்தே கேட்டிருக்கலாமே?” என்றேன். “கேக்கத்தான் அண்ணா நெனச்சேன். உங்க காலண்டரப் பாத்தா ரெண்டு நாளும் ஃபுல்லா மீட்டிங். தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்.” கேள்வி ஒரு நிமிடக் கேள்வி. அதற்கு ஒன்றரை நாள் போயிருந்தது.

அதுவரை நேர நிர்வாகம் என்றால் என் பொழுதை நான் எப்படிக் கட்டி மேய்க்கிறேன் என்பதுதான் என்று எண்ணியிருந்தேன். ஒரே ஆபீஸில் இருந்தால் ஒருவர் திணறுவது முகத்திலேயே தெரிந்துவிடும், டீ குடிக்கப் போகும் வழியில் கேட்டும் விடுவார். நான் கோவையில், குழுவில் மற்றவர்கள் மதுரை, நாகர்கோவில், யாழ்ப்பாணம், சிகாகோ என்று ஆளுக்கொரு ஊரில். இப்படிப்பட்ட குழுவில் வேலை செய்யப் பிடிக்கும் நேரத்தைவிட, வேலை அடுத்த ஆளுக்காகக் காத்துக் கிடக்கும் நேரமே அதிகம். அதைக் குறைப்பதுதான் லீடின் முதல் வேலை. நான் போய்வந்த வழியையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: யார் காத்திருந்தார், எதற்காக, எவ்வளவு நேரம். குழுவில் எல்லோரையும் அவரவர் நின்ற இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இது யாரையும் எடைபோட அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். வார முடிவில் அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பாதிக்கு மேல் ‘எதற்காக’ என்ற பத்தியில் என் பெயர்தான் இருந்தது. ஒரு அப்ரூவல், ஒரு சர்வருக்கு அனுமதி, இரண்டு வழிகளில் எது என்ற ஒரு பதில். எதுவும் பெரிய விஷயமே இல்லை.

இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதித்து அடுத்த படிக்குப் போகாதீர்கள். உங்கள் குழுவில் அடைப்பு வேறு இடத்தில் இருக்கலாம்.

கடிகாரங்களை ஒரே தாளில் வையுங்கள்

அவரவர் ஊரில் மணி என்ன என்பதை மனக்கணக்காகப் போடக் கூடாது. தாளில் எழுதி ஒட்டுங்கள், அல்லது கூகுள் காலண்டரில் இரண்டாவது நேர மண்டலத்தைத் திறந்து வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். சிகாகோவில் காலை 9 மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரின் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஐரோப்பாவில் அது மார்ச்சின் கடைசி ஞாயிறும் அக்டோபரின் கடைசி ஞாயிறும். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே மூன்று இடத்திலும் ஆள் இருக்கும் குழுவுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் எல்லாக் கணக்கும் பிசகும். ஒரு மார்ச்சில் போன் அலாரத்தை நம்பி நான் ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். கிளையன்ட் கால் முடிந்தே போயிருந்தது. அழைப்பு எப்போதும் காலண்டரில் இருக்கட்டும், அலாரத்தில் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இரவு 7.30 என்பது பல வீடுகளில் அடுப்படி நேரம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரம். வாரத்தில் ஐந்து நாளும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டால் யார் வேலையை விட்டுப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சுமையை இரண்டு பக்கமும் தூக்க வேண்டும். ஒரு வாரம் நமக்கு இரவு 7.30. அடுத்த வாரம் சிகாகோக்காரர்களுக்கு இரவு 8.30, நமக்குக் காலை 7. கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கேட்காமலே நாமாக விட்டுக்கொடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

நாள் முடிவுக் குறிப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் பக்கம் காலை 11 மணிக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார்: “பேமென்ட் வேலை செய்யல, கொஞ்சம் பாருங்க.” சிகாகோவில் அதைப் படிப்பது நமக்கு இரவு. அவர் திருப்பிக் கேட்கிறார்: “எந்த சர்வர்ல?” அது நம் கண்ணில் படுவது மறுநாள் காலை. பதில் போடுகிறோம். அன்றிரவு அடுத்த கேள்வி: “எந்தப் பில்டு?” மூன்றாம் நாள் காலையில்தான் விஷயமே தொடங்குகிறது. இருவரும் சோம்பேறிகள் இல்லை, இருவரும் உடனுக்குடன் பதில் போட்டவர்கள்தான்.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

“டெஸ்ட் சர்வர், நேற்று மாலை போட்ட பில்டு. பேங்க் டிரான்ஸ்ஃபரில் பணம் கட்டினால் ரசீது வரவில்லை, கார்டில் கட்டினால் வருகிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. பேங்க் பக்கமிருந்து வரும் உறுதிச் செய்தி நம்மிடம் வந்து சேரவில்லை என்று சந்தேகம். அந்த லாகைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. இந்திய நேரம் மாலை 4.10 முதல் 4.20 வரை உள்ளதை எடுத்துப் போடுங்கள். பதில் வரும்வரை நான் முகவரிப் பக்கத்தைச் செய்கிறேன்.”

இதை எழுத ஏழெட்டு நிமிடம் ஆகும். இரண்டு நாள் மிச்சம். இதில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள்: எங்கே நடக்கிறது, எப்போது நடக்கவில்லை, என்ன முயன்றாயிற்று, என் ஊகம் என்ன, உங்களிடம் எனக்கு வேண்டியது என்ன, அதுவரை நான் என்ன செய்கிறேன். கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் நாளைக் காலை எழுதியவர் சும்மா உட்கார மாட்டார்.

எழுத்தை நம்பி உலகம் முழுக்க வேலை நடக்கும் என்பதற்கு லினக்ஸ் ஒரு சாட்சி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அந்தப் பணி ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்களின் கையால், பெரும்பாலும் ஈமெயில் வழியாகவே வளர்ந்தது. அதற்காகவே அவர் 2005-இல் எழுதிய கிட் (Git) என்ற கருவியை இன்று நாம் தினமும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு மாற்றத்தோடும் அது ஏன் செய்யப்பட்டது என்று எழுதி வைக்கும் பழக்கம் அங்கே கறாரானது. நம் குழுக்களில் “ஃபிக்ஸ் பண்ணியாச்சு” என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போகிறோம். ஆறு மாதம் கழித்து அதைத் தொடுபவர் பாவம்.

முதல் இரண்டு வாரம் லீடே தினமும் இப்படிக் குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும். பிறரை எழுதச் சொல்லிவிட்டுத் தான் எழுதாத லீடின் குழுவில் இது ஒரு வாரம்கூட நிற்காது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தயங்குவார்கள். இலக்கணம் முக்கியமில்லை, விவரம்தான் முக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்குள் என்றால் தமிழிலேயே எழுதட்டும்.

மீட்டிங்கைக் குறைப்பது

ஃபிரெட் புரூக்ஸ் ஐ.பி.எம்.மில் ஒரு பெரிய மென்பொருள் பணியை நடத்திய அனுபவத்தை 1975-இல் புத்தகமாக்கினார். அதில் ஒரு கணக்கு உண்டு: ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பேச வேண்டுமானால் 10 இணைப்பு, எட்டுப் பேருக்கு 28, பன்னிரண்டு பேருக்கு 66. ஆகவே எல்லோரையும் எல்லா மீட்டிங்கிலும் உட்கார வைக்காதீர்கள். எட்டுப் பேர் அரைமணி உட்கார்ந்தால் அது ஒருவருடைய அரைநாள்.

தினசரி ஸ்டேண்ட்அப்பை எழுத்துக்கு மாற்றிவிடலாம், நாள் முடிவுக் குறிப்பே போதும். எல்லோரும் விழித்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை, பேசினால் மட்டுமே தீரும் விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கருத்து வேறுபாடு, புதிய வடிவமைப்பு, மனத்தாங்கல். முக்கியமாக மனத்தாங்கல். சாட்டில் இரண்டு தடவை சுருக்கென்று பதில் வந்தால் மூன்றாவதாக எழுதாதீர்கள், போன் போடுங்கள்.

கேட்காமல் செய்யக்கூடியவை

எதை என்னிடம் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். திரும்ப மாற்றிவிட முடிகிற முடிவு என்றால் செய்துவிட்டு ஒரு வரி எழுதினால் போதும். பணம், வாடிக்கையாளரின் தகவல், ரிலீஸ் தேதி மூன்றில் எதைத் தொட்டாலும் கேட்டே ஆக வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு ஒரு வழி உண்டு: “இரண்டு வழி இருக்கிறது, நான் முதல் வழியில் போக நினைக்கிறேன். வியாழன் மதியம் 12-க்குள் யாரும் மறுக்காவிட்டால் தொடங்கிவிடுவேன்.” இப்படி எழுத நம் பிள்ளைகளுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். பெரியவர் சொல்லட்டும் என்று வளர்ந்தவர்கள். யாராவது இப்படிச் செய்து அது தவறிப் போனால் அன்றைக்கு நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டால், அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் உங்களிடமே வந்து வரிசையில் நிற்கும்.

உங்கள் காலண்டர்

காலை முதல் அரைமணி, முந்தைய இரவு வந்த குறிப்புகளில் எனக்காக யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு. என் சொந்த வேலையை அதன் பிறகே தொடுகிறேன். 11 முதல் 11.30, மாலை 4 முதல் 4.30 இரண்டு நேரமும் காலண்டரில் ‘கேளுங்கள்’ என்று பெயர் போட்டுத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி அழைக்கலாம். நாகர்கோவில் பெண் முதல் வாரம் வரவில்லை. நானே அழைத்துப் பேசினேன். இரண்டாம் வாரத்திலிருந்து வருகிறார். இரவில் தோன்றுவதை இரவே சாட்டில் போடாமல், மறுநாள் காலை போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைக்கிறேன். லீடிடமிருந்து இரவு 11 மணிக்கு ஒரு செய்தி வந்தால், “அவசரமில்லை” என்று எழுதியிருந்தாலும் எதிர்முனையில் இருப்பவர் எழுந்து உட்காருவார்.

விடுமுறையும் கரண்டும்

ரிலீஸ் தேதியை ஒப்புக்கொள்ளும் முன் எல்லா ஊர் விடுமுறைகளையும் பார்த்துவிடுங்கள். ஜனவரி நடுவில் நமக்குப் பொங்கல். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழன் நன்றி நவிலும் நாள், மறுநாளும் பலர் இருக்க மாட்டார்கள். மாதாந்திர மின்பராமரிப்பு எந்தப் பகுதிக்கு என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அந்தந்த ஊர்க்காரருக்கு. வெள்ளிக்கிழமை மாலை 4.30-க்குப் பிறகு அடுத்த வாரத்தில் யார் எந்த நாள் இல்லை என்று பார்த்து, அவர் கையில் மட்டும் இருக்கும் வேலை எது என்று கேட்டு, அதை இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுக்க அரைமணி குறித்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூடுகிறேன்.