வெறிநாய்க்கடி நச்சுயிரின் மேலாடை

சென்ற ஆண்டு நம் தமிழ் வகுப்பினர் மாமல்லபுரம் சென்றிருந்த ஞான்று, கடற்கரைக் கோயிலை அடுத்த மணலில் நாயொன்று நம் தோழர் ஒருவரின் காலைக் கடித்துவிட்டது. மிளகாய்ப்பொடி அப்பச் சொன்னார் ஒருவர். சுண்ணாம்பு தடவச் சொன்னார் மற்றொருவர். மீன் விற்றிருந்த மூதாட்டியோ, "முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்க தம்பி, அப்புறம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவ்வாறே செய்தோம். அச்சொல்லின் உண்மையைப் பின்னர் நூல்களில் தேடிக் கண்டோம்; அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இந்நோய்க்குக் காரணமான நச்சுயிர், ஐந்து புரதங்களுக்குரிய குறிப்பை மட்டுமே சுமந்து வருவது. அவற்றை ஆக்கும் கருவி அதனிடம் இல்லை. புகுந்த உயிரணுவே ஆக்கித் தருதல் வேண்டும். அவ்வைந்தனுள் ஒன்று சர்க்கரை சேர்ந்த புரதம். நச்சுயிரின் மேற்புறத்தில் முள்போல் நின்று, நரம்பணுவைப் பற்றி உட்புகச் செய்வது இதுவே.

இது 524 அமினோ அமிலங்கள் கோத்த தொடர். முதல் 19 அமிலங்கள் முகவரி போன்றவை. அவை வெளிவந்ததும், உயிரணுவிலுள்ள ஒரு துகள் அவற்றை இனங்கண்டு, தொடரை அகச்சவ்வு வலையின் வாயிலுக்கு இட்டுச் செல்கிறது. புரதங்கள் தத்தம் இடம் சேர்வது இத்தகைய முகவரியால் என்று காட்டிய குந்தர் புளோபெல் 1999-இல் நோபெல் பரிசு பெற்றார்.

சொற்கள் புணருமிடத்து நிகழ்வனவாக நாம் பயின்ற தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அவ்வாயிலினுள்ளும் நிகழ்கின்றன. முகவரி வெட்டுண்டு நீங்குவது கெடுதல். சர்க்கரைக் கொத்துகள் வந்து சேர்வது தோன்றல். நீண்ட தொடர் மடிந்து வேறுருக் கொள்வது திரிதல். எஞ்சிய 505-இல், நீரோடு ஒட்டாத 22 அமிலங்கள் சவ்வின் கொழுப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஆதலின் ஒருபுறம் 439, மறுபுறம் 44 என, சவ்வில் அறைந்த ஆணிபோல் புரதம் நிலைபெறுகிறது. மும்மூன்றாய்க் கூடிய இவ்வாணிகள் கோல்கி உறுப்பின் வழியே புறச்சவ்வை அடைய, அச்சவ்வையே மேலாடையாகப் போர்த்துக்கொண்டு புதிய நச்சுயிர் வெளியேறுகிறது.

நிற்க. நாயின் எச்சிலில் வரும் நச்சுயிரின் மேலாடையும் இங்ஙனம் கவர்ந்த கொழுப்புச் சவ்வே. சோப்பு கொழுப்பைக் கரைப்பது. ஆடை கரையின் ஆணிக்கு நிலையில்லை. ஓடும் நீரில் 15 நிமிடம் சோப்பிட்டுக் கழுவுக என மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே. மிளகாயும் சுண்ணாம்பும் புண்ணைக் கிளறுமேயன்றிக் காவா.

கழுவியபின் ஊசியும் வேண்டும். செயலிழந்த நச்சுயிரின் முள்ளை உடலுக்கு அறிமுகப்படுத்தி, அதனைப் பற்றித் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தடுப்பூசி எழுப்புகிறது. தோல் கிழிந்த கடியாயின், ஆயத்த எதிர்ப்பொருளையும் புண்ணிலே செலுத்துவர். நஞ்சு நரம்பை அடையுமுன் இவையாவும் நிகழ்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தோர் மிகமிகச் சிலர்.

நம் தோழர் வயிற்றில் இடும் ஊசிக்கு அஞ்சினார். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அப்பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நின்றது. 1907-இல் நிறுவப்பெற்ற குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் பின்னாளில் உயிரணு வளர்ப்பிலேயே தடுப்பூசி செய்தது. இன்று ஊசி கையில்தான்.

தோழர் நலமே உள்ளார். அம்மூதாட்டி நச்சுயிரின் சவ்வை அறியார். எனினும் செய்யத்தக்கது அறிந்திருந்தார். காரணத்தை அறிந்துகொண்ட நாம், அதனைப் பிறர்க்கும் உரைத்தல் நம் கடன்.