பல்லின் வேர்ச் சிகிச்சை

பல்வலிக்குக் கிராம்பு கேட்டு நமது கடைக்கு வருபவர் வாரத்தில் ஒருவராவது உண்டு. மறுவாரம் கண்டு விசாரித்தால், “வலி நின்றுவிட்டது, இனிக் கவலையில்லை” என்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தால் கடைவாய்ப் பல் ஒன்றை இழந்தோம். பிறகு வந்த மற்றொன்றை ‘ரூட் கேனல்’ எனப்படும் வேர்ச் சிகிச்சையால் காப்பாற்றிக் கொண்டோம். ஆகவே, டாக்டரிடம் கேட்டறிந்ததைச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்லுவது நமது கடமையாகும்.

பல்லின் மேலே எனாமல் என்னும் கடினமான ஓடு உண்டு. அதனுள் டென்டைன் என்னும் பகுதி. நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கூடிய மெல்லிய சதை. இச்சதை வேர்களிலுள்ள நுண்ணிய குழாய்களின் வழியே நுனி வரை இறங்குகிறது. சொத்தை இதனைத் தொட்டுவிட்டால் சதை வீங்கும். சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீக்கத்திற்கு இடமில்லை; வலி துடிக்கிறது. சூடான தேநீர் பட்டபின் வலி நெடுநேரம் நிற்பதும், இரவில் படுத்ததும் அதிகரிப்பதும் இதன் அடையாளங்கள்.

வலி தானே நின்றால் என்ன பொருள்? பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதே. கிருமிகள் சாகவில்லை, அவை வேரின் நுனிக்குச் சென்று எலும்பில் சீழ் கட்டச் செய்யும். கடன்காரர் வாசலில் கூச்சலிடுவதை நிறுத்தினார் என்பதற்காகக் கடன் தீர்ந்ததாகுமா? கிராம்பும் வலி மாத்திரையும் கூச்சலை அடக்குமேயன்றிக் கடனைத் தீர்க்கா. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பதோ ஈறையே புண்ணாக்கிவிடும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது? முதலில் எக்ஸ்ரே படம் எடுத்து வேர்களைப் பார்க்கிறார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் படாதிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்கள். மேலே துளையிட்டு, மெல்லிய அரங்களால் கெட்ட சதையை நீக்கி, மருந்து நீரால் கழுவி, குழாய்களை அடைத்து மூடுகிறார்கள். ஒரே நாளில் முடிவதும் உண்டு. இரண்டு மூன்று முறை போக வேண்டியதும் உண்டு.

அடைக்கும் பொருளின் வரலாறு நமக்கு அந்நியமன்று. கட்டாபெர்ச்சா என்னும் அது இந்த மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால். மாண்ட்கோமரி என்ற டாக்டர் 1843-ல் சிங்கப்பூரிலிருந்து இதை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதுவே உறையாயிற்று. கடல்நீரைத் தடுத்த பொருள் இன்று பல்லின் வேரை அடைக்கிறது!

வலிக்குமோ என்று அஞ்சுவோர் பலர். மரத்துப்போனபின் சாதாரணச் சொத்தை அடைப்பதைவிட அதிக வேதனை பொதுவாக இல்லை. வாயை நெடுநேரம் திறந்திருப்பதுதான் சிரமம். பின்னர் சில நாட்கள் கடித்தால் நோவு இருக்கும். அது படிப்படியாகக் குறைய வேண்டும், கூடினால் டாக்டரிடம் திரும்புக. கடைவாய்ப் பல்லுக்கு மேலே உறை போடுவது பெரும்பாலும் அவசியம். உறைச் செலவை மிச்சம் பிடிக்க எண்ணிப் பல் பிளந்து வந்தவர்கள் உண்டு. எனவே மொத்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற இயலாது. வேர் பிளந்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ, விடியும்வரை காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

கிராம்பு விற்பது நமது பிழைப்பு. ஆயினும் சொல்லுகிறோம்: கிராம்பை வாங்குங்கள், அன்றே டாக்டரையும் பாருங்கள்.