சிறைப்பட்ட மந்திரி

1972 ஜூலையில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உலகச் சதுரங்க வாகையர் ஸ்பாஸ்கியும் அமெரிக்க வீரர் ஃபிஷரும் மோதினர். முதலாட்டம் சமனாகும் நிலை. இருவரிடமும் அரசன், ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சின.

29ஆம் நகர்த்தலில் ஃபிஷரின் கறுப்பு மந்திரி, வெள்ளையின் ஓரச் சிப்பாயை வெட்டியது. ஸ்பாஸ்கி பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்தள்ளினார். மந்திரி மீளும் வழி அடைபட்டது! வெள்ளை அரசன் மூன்றே நடையில் அதனை நெருங்கினான். இரண்டு சிப்பாய்களுக்கு ஈடாக மந்திரி வீழ்ந்தது. சமனில் மனம் நிறையாத வெற்றி வேட்கையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

56ஆம் நகர்த்தலில் ஃபிஷர் பணிந்தார். ஆயினும், இறுதியில் 12½–8½ என்று வாகை சூடியவர் அவரே.