ஈரோட்டு மஞ்சளும் ஜான்-டலோன் சந்தையும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. ஒப்படைக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசனை அறிக்கை எழுதப் போகிறாய் என்பதையும், அது ஈரோட்டில் மஞ்சள்தூள் செய்கிற நிறுவனம் என்பதையும் வாசித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். குழுவில் ஆறு பேர், ஆளுக்கொரு நாடு, கையில் இரண்டு மாதம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். உங்கள் மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையிலிருந்து தொடங்கு பிள்ளை. இணையத்தைத் திறப்பதற்கு முன்னால் அங்கே போ.

மாணவர்கள் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது புதிய பழக்கமில்லை. பிரான்சில் எஸ்ஸெக் வணிகக் கல்லூரி மாணவர்கள் 1967இலேயே தங்களுக்கென ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார்கள். ஜூனியர் என்டர்பிரைஸ் என்று பல நாடுகளுக்குப் பரவிய இயக்கத்துக்கு அதுதான் வேர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் தன் எம்.பி.ஏ. மாணவர்களை ஏதாவதொரு நிறுவனத்தின் உண்மையான பிரச்சினைக்குள் பல வாரங்களுக்கு இறக்கி விடுகிறது. வட கரோலைனாவில் வாஸ் தாராஸ் என்ற பேராசிரியர் 2010இல் எக்ஸ்-கல்ச்சர் என்ற திட்டத்தைத் தொடங்கினார். உன்னுடையதைப் போலவே, ஒருவரையொருவர் நேரில் காணாத பல நாட்டு மாணவர்கள் ஒரே குழுவாகி, சர்வதேச வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுகிறார்கள். உன் ஊரிலேயே, கொங்கோர்டியா பல்கலைக்கழகத்தில், 1981 முதல் எம்.பி.ஏ. மாணவர்களுக்கான போட்டி நடக்கிறது. ஆனால் அந்தப் போட்டிகளில் பெரும்பாலும் விபரமெல்லாம் கொடுத்த தாளிலேயே இருக்கும். சில மணித்தியாலத்தில் வாசித்து விடை சொன்னால் போதும். உனக்குத் தந்திருப்பது அப்படியான வேலையில்லை. விடைக்கு வேண்டிய விபரங்கள் உன் கைக்கு இன்னும் வரவில்லை, யாராவது போய்த்தான் எடுத்து வர வேண்டும்.

நிறுவனம் கேட்டிருப்பது ஒரு வரி: கனடாவில் எங்கள் மஞ்சள்தூளை எப்படி விற்கலாம்? ஆறு பேரும் ஆறு கணினியில் தேடினால் ஒரே பக்கங்கள்தான் வரும். அதே வளர்ச்சி வீதம், அதே வட்ட வரைபடம். ஈரோட்டு முதலாளியும் அதையெல்லாம் தேடி எடுக்கக் கூடியவர்தான். அவரால் முடியாதது, மொன்றியலில் ஒரு மனுஷி மசாலாத் தட்டின் முன்னால் நிற்கும்போது எதைக் கையில் எடுக்கிறாள், எதை வைத்துவிட்டுப் போகிறாள் என்று பார்ப்பது. உன் குழுவிலும் அதற்கு உன்னை விட்டால் ஆளில்லை.

சந்தைக்குப் பெயர் தந்த ஜான் டலோனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அரசர் தன் புதிய குடியேற்றத்தை நிர்வகிக்க அனுப்பிய அதிகாரி அவர். 1665இல் வந்து இறங்கினார். வந்த கையோடு, 1666இல், அங்கே குடியேறியிருந்தவர்களைக் கணக்கெடுத்தார். 3,215 பேர் என்று பதிவாயிற்று. பூர்வகுடிகளை அதில் சேர்க்கவில்லை, அது அந்தக் காலத்து அதிகாரத்தின் கண். ஆனாலும் அந்த வேலையில் பெரும்பகுதியை அவரே வீடு வீடாகப் போய்ச் செய்தார் என்று கனடாவின் புள்ளிவிபரத் திணைக்களம் எழுதி வைத்திருக்கிறது. வயது, தொழில், திருமணமானவரா என்று கேட்டு எழுதிய பிறகே திட்டம் போட்டார். 1933இல் வடக்குச் சந்தை என்று திறந்த இடத்துக்கு 1983இல் அவருடைய பெயரை வைத்தார்கள். உன் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை போகாதே. கூட்டத்தில் கடைக்காரருக்கு உன்னோடு பேச நேரம் இராது. வார நாளில், காலையில் போ. முதலில் ஒன்றும் கேட்காமல் ஒரு சுற்று நட. பழக்கடைகளில் தட்டு வைத்திருப்பார்கள், அதில் வெட்டிய பீச், முலாம்பழத் துண்டுகள் இருக்கும். விலையைப் பற்றிப் பேச்சு எழுமுன் துண்டு உன் கைக்கு வந்துவிடும். ஓகஸ்ட் கடைசியில் இத்தாலியக் குடும்பங்கள் வருஷத்துக்குத் தேவையான சோஸ் காய்ச்சக் கூடை கூடையாகத் தக்காளி வாங்குவதைப் பார்க்கலாம். கையால் எழுதிய அட்டைகளைக் கவனி. விலைக்குப் பக்கத்தில் எந்த ஊர் விளைச்சல் என்று எழுதியிருக்கும். கியூபெக் ஸ்ட்ரோபெரி என்று எழுதிய பெட்டிக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள், தூரத்திலிருந்து வந்த மலிவுப் பெட்டியைத் தாண்டிப் போவார்கள். சுவையைக் காட்டினால், ஊரைச் சொன்னால், கூடக் காசு கொடுக்கத் தயாரானவர்கள் இங்கே வருகிறார்கள்.

பிறகு மசாலாக் கடைக்குப் போ. பிலிப், எத்னே த வியன் தம்பதியின் எப்பீஸ் த க்ரூ இந்தச் சந்தையில் பெயர் பெற்றது. அவர்கள் உலகம் சுற்றி மசாலா தேடுகிறவர்கள். முழுசாக, அரைக்காத சரக்கைச் சிறு பேணிகளில் அடைத்து, எங்கே விளைந்தது என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டிலே வறுத்து அரைக்க வாடிக்கையாளருக்குக் கற்றும் கொடுக்கிறார்கள். அந்தத் தட்டுகளுக்கு முன்னால் பொறுமையாக நில். எந்தப் பேணியைத் திருப்பிப் பின்பக்கம் வாசிக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள். உன் நிறுவனம் தூளை விற்க நினைக்கிறது, ஆனால் இங்கே மதிப்பு முழுச் சரக்குக்கு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படியானால் இவர்களுக்கு விலை போகக்கூடியது ஊர்ப் பெயரோடு வருகிற விரலி மஞ்சளாகவும் இருக்கலாம் அல்லவா? நான் முடிவு சொல்லவில்லை. நீ போய் விசாரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

அங்கிருந்து த காஸ்தெல்னோ நிலையத்தில் நீல மெட்ரோ ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கு. அதுதான் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி. அங்கே நம் கடைகளில் அதே மஞ்சள் பெரிய பிளாஸ்ரிக் பைகளில் அடுக்கியிருக்கும். அங்கே ஊர்ப் பெயரை ஒருவரும் தேடுவதில்லை, நிறையும் விலையும்தான் பேச்சு. நம் அம்மாமார் பலர் யாழ்ப்பாணத்துத் தூள் வாங்குகிறார்கள், மஞ்சள் அதற்குள்ளேயே இருக்கிறது. தனி மஞ்சள் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வாங்குகிறீர்கள் என்று அவர்களிடம் கேள். மரக்கறிக்கா, சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கவா, பூசைக்கா? அடுத்தடுத்த இரண்டு இடங்கள், கிட்டத்தட்ட இரண்டு நாடுகள். கனடாவில் விற்பது என்று ஒரே வரியில் கேட்ட கேள்வியை இந்த ஒரு மெட்ரோப் பயணம் இரண்டாகப் பிளந்துவிடும். அதை உன் குழுவுக்குக் காட்டு.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சத்தைக் குழுவில் ஒருவர் ஊன்றிப் படிக்கட்டும். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவை இறக்குமதி செய்கிறவருக்கு உரிமம் வேண்டும், சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போயிற்று என்ற பதிவு வேண்டும். ஆகவே ஈரோட்டுக்காரருக்கு முதல் தேவை கடையல்ல, இங்கே உரிமம் உள்ள நம்பிக்கையான ஒரு இறக்குமதியாளர். லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். கியூபெக்கில் பிரெஞ்சைவிட வேறு மொழி எடுப்பாகத் தெரியக் கூடாது.

மஞ்சளுக்கென்று ஒரு பாரமான விஷயமும் உண்டு. வங்காளதேசத்தில் நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேற்று கலக்கப்பட்டதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிற நஞ்சு. ஈரோட்டு நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், விஷயம் தெரிந்து வாங்குகிறவர் தூளைப் பார்த்ததும் சந்தேகப்படுவார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுகூடப் பரிசோதனை உண்டா, அதைக் காட்டத் தயாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு. மற்றவர்கள் சங்கடப்பட்டால் நீ கேள். மனிதர் சாப்பிடுகிற பொருளுக்கு ஆலோசனை சொல்ல வந்த பிறகு, இந்தக் கேள்வியை விட்டுவிட உங்களுக்கு உரிமையில்லை.

இன்னொரு வசதியும் உனக்கு இருக்கிறது. அந்த முதலாளியோடு நீ தமிழில் பேசலாம். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய ஒரு பக்கத்தில் இல்லாததெல்லாம் தமிழ்த் தொலைபேசியில் வரும்: எந்தப் போகத்துச் சரக்கு தேங்கியிருக்கிறது, கடன் எவ்வளவு நெருக்குகிறது, மகன் ஏன் கனடாவைப் பற்றியே பேசுகிறான். பேசு. ஆனால் பேசியதை அன்றைக்கே குழுவுக்கு எழுதிவிடு. ஒருவருக்கு மட்டும் வாடிக்கையாளரின் காது இருக்கிறது என்று மற்ற ஐந்து பேர் நினைத்தால் குழு அன்றோடு முடிந்தது. அவர் இரகசியம் என்று சொன்னதை அறிக்கையில் போடலாமா என்று அவரிடமே கேள்.

வேலையே செய்யாமல் பெயர் மட்டும் போடுகிறவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கக்கூடும். கோபத்தோடு விரிவுரையாளரிடம் ஓடுமுன் அவருக்கு எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்கிறீர்கள் என்று பார். உன் பின்னேரம் எங்கோ ஒருவருக்கு விடியற்காலை மூன்று மணி. கூட்ட நேரத்தைச் சுழற்றி வையுங்கள், யார் எதை எப்போது முடிப்பது என்பதை முதல் வாரமே எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வராதவரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லலாம், அவருக்கும் முதலில் சொல்லிவிட்டு.

அறிக்கையின் முதல் பக்கத்தில் விடை இருக்கட்டும். இப்போது தூளை அனுப்ப வேண்டாம் என்பதுதான் நீங்கள் கண்ட விடையென்றால் அதையே எழுதுங்கள், மதிப்பெண்ணுக்காக இனிப்பாக்காதீர்கள். அவர் போடப்போவது சொந்தப் பணம். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும், அதற்கு ஏறக்குறைய எவ்வளவு செலவாகும், யாருக்கு முதலில் தொலைபேசி எடுக்க வேண்டும் என்பதையும் அடுத்த பக்கத்தில் வை. சந்தையில் பேசியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே, பெயர் போடாமல், தனி இணைப்பாகச் சேர். ஈரோட்டில் அந்தப் பகுதியைத்தான் இரண்டு தரம் வாசிப்பார்கள்.

முதல் சுற்றுக் குறிப்புகளைத் திருத்தாமல் எனக்கு அனுப்பு. சித்தியும் வாசிக்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா